மென்பொருள் வருவதற்கு முன்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். தேரன்று காலை 7 மணிக்கு யாழ்ப்பாணத்தில் வடம் பிடிக்கும்போது ரொறொன்ரோவில் முதல்நாள் இரவு 9.30, இலண்டனில் அதிகாலை 2.30. அந்த நேரத்திலும் கண்விழித்திருந்து கைப்பேசியில் தேர் பார்ப்பவர்கள் ஏராளம். பார்த்து முடிந்தபின் அந்தப் பதிவு எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. யாரோ ஒருவருடைய யூரியூப் கணக்கில் கிடக்கும். அல்லது அலுமாரிக்குள் இருக்கும் ஒரு வன்தட்டில் தூங்கும். பத்து ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அதிர்ஷ்டத்தை நம்பாமல் இருக்க வேண்டுமென்றால் பதிவுகளையும், அவற்றை எடுக்கும் கமராக்களையும், சேமிக்கும் வன்தட்டுகளையும், கடத்தும் வலையமைப்பையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் மேலாண்மைத் தளம் ஒன்று தேவை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த வன்தட்டு நிரம்பப்போகிறது, எந்தக் கமரா தொடர்பு அறுந்தது, யார் எதைப் பார்க்கலாம் என்பதையெல்லாம் அது சொல்லும். பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் இதற்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கின்றன. நம்மிடையே இதற்கு மிக நெருங்கிய முயற்சி 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம். அச்சு நூல்களில் தொடங்கிய அந்த முயற்சி, ஒலி, ஒளி, படம், ஓலைச்சுவடி ஆகியவற்றுக்காகப் பின்னர் ஆவணகம் என்ற பல்லூடகத் தளத்தையும் அமைத்தது. அந்தத் தளம் ஐலண்டோரா என்ற திறந்த மூல மென்பொருளில் இயங்குகிறது.

ஐலண்டோராவின் ஏழாம் பதிப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பல மென்பொருள்கள் இருக்கும். வாசகர் காணும் பக்கத்தை ட்ரூப்பல் காட்டும். மூலக்கோப்பை ஃபெடோரா காக்கும். சோலர் தேடித் தரும். பயனர் விவரங்கள் மைஎஸ்கியூஎல்லில் இருக்கும். வீடியோவைச் சிறிதாக்க எஃப்எஃப்எம்பெக், படத்தை மாற்ற இமேஜ்மாஜிக், எழுத்தை உணர ரெசராக்ட் என்று பின்னால் இன்னும் சில. இவை எல்லாவற்றையும் நிறுவும் முறையைப் படிப்படியாகச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. அந்த வழிகாட்டிகள் எல்லாம் ஓர் எடுகோளில் தொடங்குகின்றன: கரண்ட் இருக்கிறது, எர்த் சரியாக இருக்கிறது, கடிகாரம் சரியாக ஓடுகிறது, வலையமைப்பு ஒழுங்காக இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த எடுகோளைப் பற்றியது. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் மென்பொருளால் அழிவதைவிட அடித்தளத்தின் பிழையால் அழிவதே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

இடமாக உரும்பிராயை எடுத்துக்கொள்வோம். யாழ் நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே போய், திருநெல்வேலி, கோண்டாவில் தாண்டினால் வரும் ஊர். சிவந்த மண், வாழைத்தோட்டம், வெங்காயத் தறை, ஆழக் கிணறு. அங்கே ஒரு கல்வீட்டின் பின்னறையில் இப்படியொரு காப்பகத்தின் சேர்வரை வைக்கப்போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மின்சாரம். 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களுக்குக் கரண்ட் இல்லாத வாழ்வை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு 2022 மார்ச் இறுதி நினைவிருக்கும்: நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் கரண்ட் போனது. ஒரே இணைப்பில் பிணைந்த தீவில், பாணந்துறையில் நடந்தது உரும்பிராயின் விளக்கையும் அணைத்துவிடும்.

சேர்வருக்கு இருட்டு பயமில்லை. கரண்ட் போகும் அந்த நொடிதான் ஆபத்து. "எழுதிவிட்டேன்" என்று வன்தட்டு சொல்லும். உண்மையில் அந்தத் தரவு இன்னும் அதன் தற்காலிக நினைவகத்தில் இருக்கும். தட்டில் பதியுமுன் கரண்ட் போனால், எழுதப்பட்டதாக மென்பொருள் நம்புகிற பகுதி வெறுமையாகக் கிடக்கும். தரவுத்தளம் ஒரு கோப்பை இருப்பதாகப் பட்டியலிடும், கோப்பு இராது. இப்படி நேர்ந்த சேதம் உடனே தெரிவதும் இல்லை. மாதக்கணக்கில் மறைந்திருந்து, யாராவது அந்தப் பதிவைக் கேட்கும் நாளில்தான் வெளிவரும்.

ஆகவே யூபிஎஸ் வாங்குகிறோம். அதன் வேலை மணிக்கணக்காகச் சேர்வரை ஓட்டுவது என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். 300 வாற் எடுக்கும் சேர்வரும் அதன் துணைக்கருவிகளும் இருக்கின்றன என்போம். 12 வோல்ற், 100 ஆம்பியர்-மணி ஈய பற்றரி ஒன்றில் பெயரளவில் 1,200 வாற்-மணி இருக்கிறது. பற்றரி கெடாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம். மாற்றியில் இழப்பும் உண்டு. கைக்கு வருவது ஏறத்தாழ 500. ஒன்றரை மணிநேரம் தாங்கும். 13 மணிநேரத்துக்கு 3,900 வாற்-மணி வேண்டும். சூரியத் தகடு வைத்தால் அதுவும் முடியும், யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் குறையில்லை. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது, யூபிஎஸ்ஸைச் சேர்வரோடு ஒரு யூஎஸ்பி வயரால் இணைப்பது. பற்றரி குறைந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் சேர்வர் தரவுத்தளத்தை மூடி, வன்தட்டில் எழுத வேண்டியதை எழுதி, தானாக அணைய வேண்டும். வயரை மாட்டாமல் விட்ட யூபிஎஸ், விபத்தைத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது.

அடுத்தது எர்த். இது யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. உரும்பிராயின் செம்மண் வளமானது, ஆனால் கீழே கல். எர்த் கம்பியை ஆழமாக இறக்கப் பார்த்தால் சில அடியிலேயே கல் தட்டும். கல் மின்னை எளிதில் உள்வாங்காது. ஈரமான மண் உள்வாங்கும். கோடை வெயிலில் மேல்மண் காய்ந்துவிட்டால் மழைக்காலத்தில் நன்றாக இருந்த எர்த் பலவீனமாகும். இடிமின்னலோ சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் வரும். காய்ந்த மண்ணும் முதல் இடியும் சந்திக்கும் சித்திரைதான் சேர்வர்களுக்குப் பொல்லாத மாதம்.

இதற்கு வழி இருக்கிறது. ஒரே கம்பியை ஆழமாக இறக்க முடியாவிட்டால், பல கம்பிகளைத் தள்ளித் தள்ளி இறக்கிச் செப்புப் பட்டையால் இணைக்கலாம். அல்லது பட்டையைக் கிடையாக மண்ணுக்குள் நீளமாகப் புதைக்கலாம். பிறகு எர்த் மீற்றரால் தடையை அளக்க வேண்டும். மின்னல் காப்புக்கு 10 ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது என்பது உலகெங்கும் கடைப்பிடிக்கும் அளவு. அளக்கிற நாள் மாரி நாளாக இருக்கக் கூடாது. கோடையின் கடைசியில் அளந்து வரும் எண்ணே உண்மையான எண். இன்னொன்று: முன்வீட்டிலிருந்து பின்னறைக்கு வலையமைப்பு இழுக்கும்போது செப்பு வயருக்குப் பதில் ஒளியிழை இழுங்கள். கண்ணாடி மின்னலைக் கடத்தாது.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது பொதுப் பரிந்துரை. யாழ்ப்பாணத்தின் சராசரியே அந்த மேல் எல்லையைத் தொடுகிறது. குளிரூட்டி வேண்டும், செம்மண் தூசிக்கு வடிகட்டி வேண்டும், எறும்புக்கும் பல்லிக்கும் இடம் கொடுக்காதபடி துளைகளை அடைக்க வேண்டும்.

இனி வலையமைப்பு. கமராவிலிருந்து வரும் காட்சியைச் சுருக்காமல் அப்படியே கொண்டுபோனால் எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். 1920 × 1080 புள்ளி, புள்ளிக்கு 20 பிற், வினாடிக்கு 25 சட்டகம்: ஏறத்தாழ 1.04 கிகாபிற். கடையில் வாங்கும் சாதாரண ஸ்விற்ச்சின் வாயில் வினாடிக்கு 1 கிகாபிற்தான் போகும். ஒரு கமராவுக்கே போதாது. தொலைக்காட்சி நிலையங்கள் 2017இல் முதற்பகுதிகள் வெளிவந்த எஸ்.எம்.பி.ரி.ஈ. 2110 என்ற தரத்தின்படி வேலை செய்யும்போது 10 அல்லது 25 கிகாபிற் ஸ்விற்ச்சுகளை வாங்குவது இதனால்தான். உரும்பிராய்ப் பின்னறைக்கு அது தேவையில்லை. கமராவிலேயே சுருக்கி 8 மெகாபிற்றாக்கிவிட்டால் ஒரே ஸ்விற்ச்சில் பல கமராக்களை ஓட்டலாம்.

ஆனால் இரண்டு அளவிலும் பொதுவான ஒரு பொறி இருக்கிறது. ஒரு காட்சியைப் பல கருவிகள் ஒரே நேரத்தில் பெறுவதற்குப் பல்பரப்பு முறையைப் பயன்படுத்துவார்கள். ஸ்விற்ச்சில் ஐஜிஎம்பி கவனிப்பு என்ற வசதியைச் செயற்படுத்தாவிட்டால், கேட்டவர் கேளாதவர் எல்லோருடைய வாயிலுக்கும் அந்தக் காட்சி பாயும். கோயில் ஒலிபெருக்கி ஊர் முழுவதற்கும் கேட்பதுபோல, பக்கத்தறை அச்சுப்பொறியும் தேர்த்திருவிழாவைப் பெற்றுக்கொண்டிருக்கும், வலையமைப்பு திணறும். ஆகவே காட்சிக்கு ஒரு தனி மெய்நிகர் வலையமைப்பு, மேலாண்மைக்கு இன்னொன்று, விருந்தினரின் வைபைக்கு மூன்றாவது என்று முதல்நாளே பிரித்துவிட வேண்டும்.

முகவரியும் முதல்நாளே தீர்மானிக்க வேண்டியது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தருகின்றன. உரும்பிராயிலும் அதுவே, ரொறொன்ரோவில் உதவி செய்பவருடைய வீட்டிலும் அதுவே என்றால், இரண்டையும் மறைகுறியிட்ட சுரங்கத்தால் இணைக்கும் நாளில் எந்த 192.168.1.10 யாருடையது என்று கணினிக்குத் தெரியாது. 10 என்று தொடங்கும் பெரிய தனியார் முகவரிப் பரப்பில் அதிகம் பேர் தொடாத ஒரு மூலையைத் தேர்ந்தால் இந்தச் சண்டை வராது. வெளியிலிருந்து யாரும் 3306ஆம் வாயிலில் இருக்கும் தரவுத்தளத்தையோ 8983இல் இருக்கும் தேடுபொறியையோ தொடக் கூடாது. வெளி உலகத்துக்குத் திறந்திருக்க வேண்டியது 443 மட்டும். மேலாண்மை வேலைக்கு உள்ளே வர விரும்புபவர் சுரங்கம் வழியாக வரட்டும்.

கடிகாரத்துக்கு வருகிறேன். இதைச் சிறு விஷயமாக நினைப்பவர்கள்தான் அதிகம். எனக்கு இந்த அத்தியாயத்தின் மையமே இதுதான்.

கணினிகள் ஒன்றிடம் ஒன்று நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும் என்.ரி.பி. முறை 1985இல் வந்தது. அது ஓடாத சேர்வரில் முதலில் பாதுகாப்புச் சான்றிதழ்கள் மறுக்கப்படும். பிறகு பதிவேடுகளில் விளைவு முன்னும் காரணம் பின்னுமாக வரிசை குலையும். 2110 முறையில் காட்சியும் ஒலியும் தனித்தனி ஓடைகளாக ஓடுவதால், நேர முத்திரையை வைத்துத்தான் அவற்றை மீண்டும் பொருத்துகிறார்கள். அதற்கு மைக்ரோ வினாடிக்கும் நுண்ணிய பி.ரி.பி. கடிகாரம் வேண்டும். சிறிய காப்பகத்துக்கு என்.ரி.பி. போதும். ஒரு கருவி உள்ளூர் நேரமூலமாக இருந்து வெளியே பல இடங்களைக் கேட்கட்டும். மற்றவை அனைத்தும் அதைக் கேட்கட்டும்.

இயந்திரத்தின் நேரம் இவ்வளவில் முடியும். பதிவின் நேரம்தான் கடினம். 1996 மே 25ஆம் திகதி மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இலங்கையின் கடிகாரம் ஒரு மணிநேரம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபர் 26இல் அரைமணி பின்வாங்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய ஐந்தரை மணி வித்தியாசத்துக்கு நாடு திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. ஆகவே பத்தாண்டு காலம் ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது. பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுத்தான் சந்திக்க முடிந்தது.

2001இல் கிளிநொச்சியில் எடுத்த ஒரு வீடியோவில் காலை 9.00 என்று இருக்கிறது. அதே நாளில் உரும்பிராயில் எடுத்த இன்னொன்றிலும் காலை 9.00. குடாநாட்டின் பெரும்பகுதி இராணுவத்தின் கையில் இருந்ததால் உரும்பிராயில் கொழும்பு நேரம். இரண்டையும் கணினியில் "ஆசியா/கொழும்பு" என்ற நேரவலயத்தில் போட்டால் ஒரே கணத்தில் நடந்ததாக அது சொல்லும். உண்மையில் உரும்பிராய்ப் பதிவு அரைமணி முந்தியது. உலகின் கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் நேரவலயத் தரவுத்தளத்தில் கொழும்பின் மாற்றங்கள் ஒழுங்காகப் பதியப்பட்டுள்ளன. ஆனால் வன்னிக்கென்று தனி வலயம் அங்கில்லை. அந்த ஆண்டுகளில் வன்னியில் எடுத்த பதிவுக்கு "ஆசியா/கொல்கத்தா" என்று கொடுத்தால்தான் கணக்குச் சரிவரும். அந்தப் பத்தாண்டின் சாட்சியங்களை ஒப்பிடும் எவருக்கும் இந்த அரைமணி பெரிது. எனவே சேர்வரை உலகப் பொதுநேரத்தில் ஓடவிடுங்கள். கசற்றின் மேல் எழுதியிருந்த நேரத்தை எழுதியபடியே ஒரு புலத்திலும், எடுத்த இடத்தை இன்னொரு புலத்திலும் வையுங்கள். மூலத்தில் இருந்ததைத் திருத்தி எழுதிவிட்டால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

தமிழுக்கே உரிய இன்னொரு ஆயத்தமும் இருக்கிறது. "கோயில்" என்று ஒரு கோப்புக்குப் பெயரிடுகிறீர்கள். ஓகாரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பழைய மக் கணினிகளின் கோப்பமைப்பு பிரித்து வைக்கும்; லினக்ஸ் வந்ததை வந்தபடி வைக்கும். விளைவு: ஒரே பெயரில் இரண்டு கோப்பு, தேடினால் ஒன்று அகப்படாது. பெயர்களை எல்லாம் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டே உள்ளே எடுக்க வேண்டும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைற்தான் இடம். யூரிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைற் எடுக்கும். 85 குறியீடு, புள்ளியும் கொம்பும் காலும் உட்பட. நிகழ்ச்சியின் முழுப்பெயரையும் கோப்பின் பெயராக வைக்கிற நம் பழக்கத்துக்கு அது போதாது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்களை யூனிகோட்டுக்கு மாற்றாமல் ஏற்றினால் சோலர் எதையும் கண்டுபிடிக்காது.

சேமிப்புக்கும் ஒரு கணக்குப் போடுவோம். வீஎச்எஸ் கசற் ஒன்றின் ஒரு மணிநேரத்தைச் சுருக்காமல் எண்ணிமமாக்கினால் ஏறத்தாழ 75 கிகாபைற். தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 முறையில் பாதியாகும் என்று வைத்துக்கொண்டால் 37 கிகாபைற். மூன்று மணிநேரக் கசற் 500 இருந்தால் 1,500 மணிநேரம், 56 ரெராபைற். இதன் மறுபிரதியை வினாடிக்கு 10 மெகாபிற் மேலேற்றும் இணைப்பால் வெளியே அனுப்பினால் இரவுபகலாக ஏறக்குறைய 17 மாதம் ஆகும். அதைவிட ஒரு பெட்டி வன்தட்டை ஒருவர் கையில் கொடுத்தனுப்புவது விரைவு. உரும்பிராயைத் தாண்டிப் போகும் அதே வீதியின் முடிவில் இருக்கும் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது. முதல் பெருந்தொகுதி அப்படிப் போகட்டும். அதற்குப் பின் நாளாந்தம் சேர்வதை இணையத்தால் அனுப்பலாம்.

போகுமுன் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.-256 கைரேகையை எடுத்து வையுங்கள். 64 எழுத்தில் ஒரு வரி. சென்னையில் இறங்கியபின் மீண்டும் எடுத்து ஒப்பிட்டால், வழியில் ஒரு பிற் புரண்டிருந்தாலும் தெரிந்துவிடும்.

மறுபிரதி எதற்கு, நான்கு வன்தட்டை ரெய்டில் சேர்த்திருக்கிறோமே என்று கேட்பார்கள். ரெய்ட் ஒரு தட்டுப் பழுதானால் வேலை நிற்காமல் காக்கும். யாராவது தவறுதலாக அழித்தால் நான்கிலும் சேர்த்து அழிக்கும். அறைக்குள் தீ வந்தால் நான்கும் எரியும். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவேயில்லை. அந்த இரவை அறிந்த ஒரு சமூகம், எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் சேர்வர் அறையை அமைப்பதை நான் மன்னிக்க முடியாத கவனக்குறைவு என்றே சொல்வேன். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறு ஊரில். முடிந்தால் வேறு நாட்டில்.

இவ்வளவும் ஆனபின் கண்காணிப்பு எளிது. யூபிஎஸ், ஸ்விற்ச், சேர்வர் மூன்றும் எஸ்.என்.எம்.பி. வழியாகத் தங்கள் நிலையைச் சொல்லும். மேலாண்மைத் தளம் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் மறுபிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டு, திறந்து, ஓட்டிப் பார்க்கும் வேலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனிதர் ஒருவர் செய்ய வேண்டும்.

மென்பொருள் மாறிக்கொண்டேயிருக்கும். ஐலண்டோரா ஏழாம் பதிப்பு நின்ற ட்ரூப்பல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5உடன் முடிந்துவிட்டது. அடுத்த தளமும் ஒருநாள் முடியும். எர்த், மின்சாரம், முகவரித் திட்டம், நேரக்குறிப்பு, கைரேகை, வெளியூர்ப் பிரதி ஆகியவை சரியாக இருந்தால் தளத்தை மாற்றுவது சில வார வேலை.

வெளிநாட்டிலிருந்து ஊர்க் காப்பகங்களுக்கு உதவ விரும்புபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஸ்கானரும் கணினியும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லுமுன், அந்த அறையின் எர்த் தடை எத்தனை ஓம், பற்றரி எத்தனை நிமிடம் தாங்கும், இரண்டாவது பிரதி எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் உங்கள் பணத்தை முதலில் அதற்குக் கொடுங்கள்.